துணியில் ஓட்டை பார்த்த கண்ணால் நட்சத்திரத்தில் பள்ளம் பார்த்தேன்: பிளானட் ஹண்டர்ஸ் டெஸ், நாலு மாத அனுபவம்

திருப்பூரில் பத்தொன்பது வருடமாகத் துணி செக்கிங் பார்க்கிறேன். நிட்டிங்கிலிருந்து துணி ரோல் ரோலாக எங்களிடம் வரும். பின்னால் டியூப் லைட் எரியும் சாய்வான பலகை மேல் அது ஓடும், முன்னால் நான் நிற்பேன். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி லைன், குறுக்குப் பட்டை, எது கண்ணில் பட்டாலும் மெஷினை நிறுத்தி அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக் கணக்கு எழுத வேண்டும். என் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. அதனால் இது விஞ்ஞானம் தெரிந்தவர் எழுதும் விமர்சனம் இல்லை. பார்த்துப் பழகியவன் எழுதுவது, அவ்வளவுதான்.

மழைக்காக லீவு விட்ட ஒரு நாள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், அவள் மாமா கொடுத்த பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் ஏதோ ப்ராஜெக்ட். "ஏனுங்ப்பா, இங்க கொஞ்சம் வாங்க. இதுல எங்க பள்ளம் இருக்குதுன்னு தெரியுதுங்களா?" என்றாள். கருப்புத் திரையில் ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள். சன்னமான மணலை ஒரு கோட்டில் தூவியது போல இருந்தது. வலது பக்கம் ஓரிடத்தில் புள்ளிகள் கொஞ்சம் கீழே இறங்கி, அடியில் சற்று நேரம் தங்கி, மேலே ஏறியிருந்தன. "இதென்ன கண்ணு, இவ்வளவு பெருசா இருக்குது" என்று விரலை வைத்தேன். அவள் மவுஸால் அந்த இடத்தில் ஒரு பட்டை இழுத்துவிட்டு முடித்தாள். உடனே ஒரு செய்தி வந்தது: இது நாங்களே செய்து வைத்த போலிப் பள்ளம், சரியாகப் பிடித்துவிட்டீர்கள். எங்கள் கம்பெனியிலும் புதுப் பையன்களை இப்படித்தான் சோதிப்போம். ஓட்டை இருக்கும் துணியை வேண்டுமென்றே ரோலுக்கு நடுவில் சுற்றிவைத்து ஓட்டுவோம். அந்த நிமிடமே இந்த இடம் எனக்குப் பிடித்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிளானட் ஹண்டர்ஸ் டெஸ் என்பது, பொதுமக்கள் ஆராய்ச்சிக்கு உதவும் ஜூனிவர்ஸ் என்ற இணையதளத்தில் இருக்கும் ஒரு திட்டம். காசு கிடையாது. பதிவு செய்யாமலேயே பார்க்கலாம், செய்தால் உங்கள் கணக்கு சேர்ந்துகொண்டே போகும். டெஸ் என்பது நாசாவின் விண்கலம். 2018 ஏப்ரலில் ஏவினார்கள். அதில் நாலு கேமரா. ஒவ்வொன்றின் வாயும் பத்தரை சென்டிமீட்டர்தான், நம் வீட்டுச் சொம்பு வாயளவு. இந்த நாலும் சேர்ந்து வானத்தில் ஒரு நீளப் பட்டையை ஏறக்குறைய 27 நாள் விடாமல் பார்க்கும். பிறகு அடுத்த பட்டைக்குத் திரும்பும். நட்சத்திரத்தின் வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் கணக்கு. அந்த நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் ஒன்று நமக்கும் அதற்கும் நடுவே வந்தால், வந்த நேரத்துக்கு வெளிச்சம் ஒரு துளி குறையும். வரைபடத்தில் அதுதான் பள்ளம். 2012 ஜூன் 6 காலையில் வெள்ளி சூரியனைக் கடந்ததை வெல்டிங் கண்ணாடி வைத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அந்தக் கரும்புள்ளி சூரிய வெளிச்சத்தில் எவ்வளவு சிறு பங்கை மறைத்தது என்று யோசித்தால், இந்த வேலை எவ்வளவு நுணுக்கம் என்பதும் விளங்கும்.

திட்டம் 2018 டிசம்பரில் தொடங்கியது. நோரா ஐஸ்னர் என்ற ஆராய்ச்சியாளர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபடி நடத்த ஆரம்பித்தார். இதற்கு மூத்த திட்டமும் உண்டு. கெப்ளர் தொலைநோக்கியின் தரவை வைத்து 2010-லேயே பொதுமக்களைப் பார்க்க வைத்தார்கள். வெளிச்சம் ஒழுங்கில்லாமல் 22 சதவீதம் வரை குறைந்து எல்லோரையும் குழப்பிய ஒரு நட்சத்திரத்தை முதலில் கவனித்தவர்கள் அதில் இருந்த சாதாரண ஆட்கள்தான்.

பக்கத்தின் அமைப்பைச் சொல்ல அதிகம் இல்லை. படம் வரும், பெரிதாக்கிப் பார்க்கலாம், பள்ளம் இருந்தால் நெடுக்கில் ஒரு பட்டை இழுக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் அடுத்ததுக்குப் போகலாம். ஒரே படம் பலரிடம் போகும். எத்தனை பேர் ஒரே இடத்தில் பட்டை போட்டார்கள் என்பதை ஒரு நிரல் தொகுத்து வரிசைப்படுத்துகிறது. வரிசையில் மேலே வரும் 500-ஐ ஆராய்ச்சிக் குழு தன் கண்ணால் பார்க்கிறது. ஆக, நீங்கள் ஒருவர் தப்புச் செய்தால் வானம் இடிந்துவிடாது. எனக்கு இது பெரிய ஆறுதல். துணியில் நான் ஒரு ஓட்டையை விட்டால் அது பனியனாகி, பெட்டிக்குள் போய், கப்பல் ஏறிய பிறகுதான் திட்டு வரும்.

இனி நான் பார்த்த ஒரு படத்தைச் சொல்கிறேன். இரவு பதினொன்றரை இருக்கும். புள்ளிகள் நேர்க்கோட்டில் இல்லை. மெதுவாக ஏறி இறங்கி, அலை மாதிரி போயின. நட்சத்திரத்தின் மேலுள்ள கரும்புள்ளிகள் சுழன்று வருவதால் இப்படி ஆகும் என்று விளக்கத்தில் இருக்கிறது. நடுவில் ஏறக்குறைய ஒரு நாள் அளவுக்கு வெற்றிடம். முதல் வாரம் அதை நான் கோளாறு என்று நினைத்தேன். டெஸ் பூமியை 13.7 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. நிலா சுற்றும் நேரத்தில் சரிபாதி. சுற்றில் பூமிக்குப் பக்கமாக வரும்போது சேர்த்து வைத்த தரவை அனுப்பும், அந்த நேரத்தில் பார்வை நிற்கும். ரோல் மாற்றும்போது மெஷின் நிற்பது போலத்தான். வெற்றிடத்தின் ஓரத்தில் புள்ளிகள் சட்டென்று சரிந்திருந்தால் பெரும்பாலும் அது கோள் இல்லை. விண்கலம் நிலைகொள்ளும்போது வரும் தடுமாற்றம். ரோலின் முதல் ஒரு மீட்டரை நாங்களும் நம்ப மாட்டோம்.

அந்த அலையின் ஏற்றத்தில், பத்தொன்பதாம் நாளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இறக்கம். ஆறேழு மணி நேர அகலம். அடி தட்டையாக இருந்தது. கோள் என்றால் அடி தட்டையாகத்தான் இருக்கும், முழுதாக நட்சத்திரத்துக்குள் வந்த பிறகு மறைக்கும் அளவு பெரிதாக மாறாது. 'வி' மாதிரி கூர்மையாக இருந்தால் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று உரசினாற்போல மறைப்பதாக இருக்கலாம். நான் பட்டை போட்டேன். பிறகு, படம் பார்ப்பவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சுப் பலகைக்குப் போய்ப் பார்த்தால், எனக்கு முன்பே இரண்டு பேர் அதே இடத்தைக் குறித்து எழுதியிருந்தார்கள். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கேதான் தொழில் தெரிந்தவனாக ஒன்று சொல்ல வேண்டும். துணியில் குறுக்குப் பட்டை சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் எங்களுக்கு நிம்மதி. மெஷினுக்கு நூல் கொடுக்கும் ஏதோ ஒரு ஃபீடரில் கோளாறு. இடைவெளியை அளந்து பார்த்தால் எங்கே என்று நிட்டிங்காரரே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் முழு ரோலுக்கும் ஒரே ஒரு ஓட்டை வந்தால் யாரைக் கேட்பது? நூலில் முடிச்சா, வண்டியில் ஏற்றும்போது கிழிந்ததா, தெரியாது. கம்ப்யூட்டருக்கும் இதே பிரச்சினைதான். சம இடைவெளியில் பள்ளம் வந்தால் நிரல் சுலபமாகப் பிடித்துவிடுகிறது. 27 நாளில் ஒரே ஒரு பள்ளம் என்றால் அதற்குத் திருப்பிப் பார்க்க ஒன்றும் இல்லை. கோள் தன் நட்சத்திரத்தை விட்டுத் தள்ளிச் சுற்றினால் பள்ளம் ஒன்றுதான் கிடைக்கும். தண்ணீர் தண்ணீராகவே இருக்கக்கூடிய மிதமான இடத்தில் கோள் வேண்டும் என்றால், சூரியன் மாதிரி நட்சத்திரத்துக்குத் தள்ளித்தான் பார்க்க வேண்டும். நம் பூமியையே தூரத்திலிருந்து ஒருவர் பார்த்தால் வருடத்துக்கு ஒரு பள்ளம்தான், அதுவும் கூடிப்போனால் பதின்மூன்று மணி நேரம்.

மனிதக் கண்ணுக்கு இங்கே வேலை இருக்கிறது என்பது வெறும் புகழ்ச்சி இல்லை. முதல் இரண்டு வருடத் தரவை 22,000-க்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். வேறு குழுக்கள் கண்டுபிடிக்காத, கோளாக இருக்க நல்ல வாய்ப்புள்ள 90 அதிலிருந்து கிடைத்தன. அந்த 90-ல் 73 ஒரே பள்ளம் மட்டும் கொண்டவை. இந்த எண்ணைப் படித்தபோது எங்கள் டேபிளில் நிற்கும் அத்தனை பேருக்கும் காட்ட வேண்டும் போலிருந்தது. காட்டவும் செய்தேன். "இதுக்குச் சம்பளம் எவ்வளவுங்கண்ணா?" என்று கேட்டான் ஒருவன்.

ஆனால் ஏமாந்து போகாதீர்கள். இரண்டாவது பூமியை நாமே கண்டுபிடித்துவிடலாம் என்று வந்தால் நிச்சயம் ஏமாற்றம்தான். வியாழன் அளவுக் கோள் சூரியனை மறைத்தால் வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு குறையும். பூமி அளவுக் கோள் என்றால் ஒரு லட்சத்தில் எட்டுப் பங்கு. அதைப் புள்ளிகளின் இரைச்சலுக்குள் கண் பிடிக்காது. திட்டக்காரர்களே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். டெஸ் குழுவின் பட்டியலில் பூமியைப் போல நாலு மடங்குக்கு மேல் விட்டமுள்ளவற்றில் 85 சதவீதத்தைப் பொதுமக்கள் பிடித்தார்கள். மூன்று முதல் நாலு மடங்கு உள்ளவற்றில் 51 சதவீதம். அதாவது பாதி கோட்டை விட்டாயிற்று. இதை மறைக்காமல் எழுதியதற்கே என் கணக்கில் ஒரு மார்க் கூட. எந்தச் செக்கிங் கம்பெனியும் தான் விட்ட ஓட்டைகளின் சதவீதத்தைச் சீட்டில் அச்சடித்து நான் பார்த்ததில்லை.

கிடைத்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். டிஓஐ-813 பி என்ற கோள் இந்தத் திட்டத்தின் முதல் வெற்றி. தன் நட்சத்திரத்தைச் சுற்ற 84 நாள் ஆகிறது. சனியை விடச் சின்னது. இன்னொன்று டிஓஐ-4633 சி. 2024-ல் அறிவித்தார்கள். சுற்ற 272 நாள், சூரியன் மாதிரியான நட்சத்திரம், தண்ணீர் நிற்கக்கூடிய மிதமான மண்டலத்துக்குள் இருக்கிறது. கேட்டதும் மனசு துள்ளும். ஆனால் அதன் விட்டம் பூமியைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல். அந்த அளவில் கால் வைக்கத் தரை இருக்குமா என்பது சந்தேகம்தான், கனத்த வாயு மூடிய குட்டி நெப்டியூனாகக் கருதுகிறார்கள். அதற்கு ஒரு நிலா இருந்து, அந்த நிலாவில் தரை இருந்து... என் மகள் அப்படிக் கதை ஓட்டிக்கொண்டே போனாள். ஓட்டட்டும்.

பள்ளத்தைப் பார்த்து என்ன என்று சொல்வது படித்தவர்களுக்கே கஷ்டம் என்பதற்கு நம் ஊர்க் கதையே இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் போவதை ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பார்த்தார்கள். யுரேனஸ் வந்து மறைப்பதற்கு முன்பே வெளிச்சத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. ஒரு துணைக்கோள் குறுக்கே வந்திருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். அதே நேரத்தில் விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பறந்த அமெரிக்கக் குழுவுக்குப் பல பள்ளங்கள் கிடைத்தன. யுரேனஸுக்கு இருபுறமும் ஜோடி ஜோடியாக விழுந்ததால் அவை வளையங்கள் என்று புரிந்தது. ஒற்றைப் பள்ளத்துக்கும் ஜோடிப் பள்ளத்துக்கும் அவ்வளவு வித்தியாசம்.

நானும் மாட்டிக்கொண்டேன். இரண்டாவது மாதத்தில் அழகாக, ஆழமாக, நாலு நாளுக்கு ஒருமுறை பள்ளம் விழும் ஒரு படம் வந்தது. வியாழனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று வீட்டில் கேசரி கிண்டச் சொன்னேன். நிஜமாகத்தான். பிறகு மகள் அந்த நட்சத்திரத்தின் எண்ணைப் பட்டியலில் தேடிப் பார்த்தாள். ஏற்கெனவே இரட்டை நட்சத்திரம் என்று குறித்து வைத்திருந்தார்கள். டெஸ் கேமராவில் ஒரு பிக்சல் 21 வில்நொடி அகலம் (வில்நொடி என்பது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு). அந்த ஒரு சதுரத்துக்குள் பக்கத்து நட்சத்திரங்களின் வெளிச்சமும் சேர்ந்து விழுந்துவிடும். எங்கோ பின்னாலுள்ள இரட்டையின் பள்ளம் முன்னாலுள்ள நட்சத்திரத்தின் கணக்கில் ஏறிவிடும். இரண்டு நிறத் துணியை ஒரே தொட்டியில் நனைத்துவிட்டு, சாயம் விட்டது எந்தத் துணி என்று கேட்பது போல. கேசரியை எல்லோரும் சாப்பிட்டோம்.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கோள் கிடைத்தால் போய்விடலாமா என்று என் மனைவி கேட்டாள். நமக்கு ரொம்பப் பக்கத்து நட்சத்திரம் ப்ராக்ஸிமா, 4.2 ஒளியாண்டு. அதைச் சுற்றி ஒரு கோள் இருப்பது 2016-ல் தெரிந்தது. 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போக எழுபதாயிரம் வருடத்துக்கு மேலாகும். அஞ்சல் தலை அளவுக் கருவியை ஒளிப்பாயில் கட்டி, பூமியிலிருந்து லேசரால் தள்ளி, ஒளியின் ஐந்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் கொண்டுபோகலாம் என்று 2016-ல் ஒரு திட்டத்தை அறிவித்தார்கள். கணக்குப்படி இருபது வருடப் பயணம். காகிதத்தில் நன்றாக இருக்கிறது. அந்தப் பாயை எந்தத் துணியில் நெய்வார்கள் என்றுதான் எனக்கு யோசனை. லேசர் பட்டால் கருகக் கூடாது, சில கிராமுக்கு மேல் எடை இருக்கக் கூடாது. எங்கள் ஊரில் 100 ஜிஎஸ்எம்முக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 100 கிராமுக்குக் கீழே போனாலே ஓட்டுவது சிரமம்.

குறைகளும் சொல்ல வேண்டும். நான் பார்த்த பக்கமெல்லாம் ஆங்கிலம்தான். சொற்கள் குறைவு என்பதால் இரண்டு நாளில் பழகிவிடும், ஆனால் பேச்சுப் பலகையில் ஆங்கிலம் சரளமாக இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும். எனக்கு மகள் எழுதிக் கொடுக்கிறாள். அப்புறம், நீங்கள் குறித்தது என்ன ஆயிற்று என்று வீடு தேடிச் செய்தி வராது. ஒரு பள்ளம் கோள்தான் என்று உறுதியாக வேண்டுமானால் தரையிலுள்ள பெரிய தொலைநோக்கிகள் அந்த நட்சத்திரத்தின் அசைவை அளந்து எடையைக் கணக்கிட வேண்டும். மாதங்கள், சமயத்தில் வருடங்கள். ராஜஸ்தானில் மவுண்ட் அபுவில் பாரஸ் என்ற கருவியை வைத்து நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது. போனில் பார்க்கலாம், ஆனால் என் கட்டைவிரலுக்குப் பட்டை நேராக விழவே இல்லை. நாலாவதாக என் வீட்டு இன்டர்நெட். மழை வந்தால் அது படுத்துவிடும், படம் பாதியில் நிற்கும். அதற்குத் திட்டக்காரர்கள் பொறுப்பில்லை, எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது.

எங்கள் தொழிலில் துணிக்கு நட்சத்திரம் போடுவதில்லை, குறைக்குத்தான் பாயிண்ட். மூன்று அங்குலம் வரையுள்ள குறைக்கு ஒன்று, ஒன்பது அங்குலத்தைத் தாண்டினால் நாலு. நூறு சதுர கஜத்துக்கு 40-ஐத் தாண்டினால் துணி வாங்கும் பையர்கள் பெரும்பாலும் ரோலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தத் திட்டத்துக்கு ஆங்கிலத்துக்கு மூன்று, பதில் தாமதத்துக்கு இரண்டு, போனுக்கு ஒன்று, ஆக ஆறு பாயிண்ட் போடுகிறேன். பாஸ்.

யாருக்கு ஏற்றது என்று கேட்டால், நிட்டிங், பிரிண்டிங், புரூஃப் பார்ப்பது, பஞ்சாயத்து ஆபீசில் பழைய பதிவேடு புரட்டுவது என்று ஒரே மாதிரியானதைப் பார்த்துப் பார்த்து, மாறியிருப்பது மட்டும் தானாகக் கண்ணில் படும் அளவுக்குப் பழகியவர்களுக்கு ஏற்றது. பள்ளிப் பிள்ளைகளும் பார்க்கலாம், என் மகள் என்னை விட வேகம். ஒரே நேரத்தில் அரை மணிக்கு மேல் பார்க்காதீர்கள். கண் சோர்ந்தால் எல்லாப் புள்ளியும் பள்ளமாகத் தெரியும், அல்லது எதுவுமே தெரியாது. நான் நோட்டில் எழுதி வைத்த கணக்குப்படி நாலு மாதத்தில் 1,380 படம். போலிப் பள்ளங்களில் நான் விட்டதெல்லாம் இரவு பன்னிரண்டுக்குப் பிறகுதான்.

அந்தப் பத்தொன்பதாம் நாள் பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது. பேச்சுப் பலகையில் நாலாவதாக ஒருவர் வந்து, அந்தப் பகுதியை டெஸ் மறுபடி பார்க்கும்போது கவனிக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மகள் அந்த எண்ணைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி, பக்கத்தில் "அப்பா" என்று போட்டு வைத்திருக்கிறாள். ஆரம்பிப்பவர்கள் முதலில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு மவுஸ் வாங்கிக்கொள்ளுங்கள், லேப்டாப் டச்பேடில் பட்டை இழுத்தால் கை வலிக்கும்.